பழைய லென்ஸ், புதிய கேமரா: நடுவில் எத்தனை மில்லிமீட்டர்?

ஊருக்குப் போன இடத்தில், அப்பாவின் பீரோவிலிருந்து ஒரு பழைய ஜெனிட் கேமராவை எடுத்துக்கொண்டு ஹைதராபாத்தின் குகட்பள்ளிக்குத் திரும்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஓடவில்லை. ஆனால் அதன் லென்ஸ் பளிச்சென்று இருக்கிறது. மேசைமேல் உங்கள் சோனியோ, நிக்கானோ, கேனானோ இருக்கிறது. அந்த லென்ஸை இந்தக் கேமராவில் பூட்ட முடியுமா?

பெரும்பாலும் முடியும். எந்தக் கேமராவில் சுலபமாக முடியும், எதில் முடியவே முடியாது, எதில் முடிந்தாலும் செய்யக்கூடாது என்பதை ஒரே ஓர் அளவு சொல்லிவிடும். அந்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல லென்ஸை அரம் போட்டுக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

ஏன் எல்லா லென்ஸும் எல்லாக் கேமராவிலும் பொருந்துவதில்லை? லென்ஸின் பின்பக்கமும் கேமராவின் முன்பக்கமும் சேரும் இடத்தில் ஒரு மவுன்ட் (இரண்டும் பூட்டிக்கொள்ளும் உலோக வளையம்) இருக்கிறது. அதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி செய்தது. ஆரம்பத்தில் இந்தத் தொல்லை குறைவு. செகந்தராபாத்தில் ஸ்டூடியோ வைத்து நிஜாமின் அரண்மனையைப் படமெடுத்த ராஜா தீன் தயாள் காலத்து மரக் கேமராக்களில், லென்ஸ் ஒரு பலகையில் திருகப்பட்டிருக்கும். வேறு லென்ஸ் வேண்டுமென்றால் வேறு பலகையைச் செருகினால் போதும். ஃபோகஸ் செய்யத் துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம் என்பதால் தூரக் கணக்கும் அங்கே சிக்கலாகவில்லை.

பிறகு 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்கள் வந்தன. 1940களின் கடைசியில் ஜெர்மனியில் பிறந்த எம்42 (42 மி.மீ. விட்டமுள்ள திருகு மரை) பல கம்பெனிகளுக்குப் பொதுவாக இருந்தது. பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனிட், யாஷிகா எல்லாம் அதைப் பயன்படுத்தின. அப்பாவின் ஜெனிட் லென்ஸின் பின்புறம் போல்ட் மாதிரி மரை ஓடியிருந்தால் அது அநேகமாக இதுதான். 1959-ல் நிக்கான் தன் எஃப் மவுன்ட்டைக் கொண்டுவந்தது. அது பயோனெட் (செருகி, கால் சுற்றுத் திருப்பிப் பூட்டும் முறை). இப்படி ஒவ்வொருவரும் தனித்தனி பயோனெட் செய்தார்கள்.

சரி, வளையத்தின் வடிவம்தானே வேறு, நடுவில் ஒரு மாற்று வளையம் போட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். வடிவம் பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி தூரம். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைச் சுட்டிருப்பீர்கள். கண்ணாடி ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும்போதுதான் வெளிச்சம் ஊசிமுனையாகக் குவியும். கொஞ்சம் தூக்கினாலோ இறக்கினாலோ அது வட்டமாகப் பரவிவிடும். லென்ஸும் அதே கதைதான். அதைச் செய்தவர், தன் கம்பெனிக் கேமராவின் மவுன்ட் முகத்திலிருந்து ஃபிலிம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்தே செய்தார். அந்தத் தூரத்துக்கு ஃப்ளாஞ்ச் தூரம் (மவுன்ட் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள இடைவெளி) என்று பெயர். நான் சொன்ன அந்த ஒரே ஓர் அளவு இதுதான்.

எம்42-க்கு இது 45.46 மி.மீ. நிக்கான் எஃப்-க்கு 46.5. கேனானின் டிஎஸ்எல்ஆர் (உள்ளே எழுந்து விழும் கண்ணாடி உள்ள கேமரா) வகையின் ஈஎஃப் மவுன்ட்டுக்கு 44. பழைய கேனான் எஃப்டி 42, மினோல்டா எம்டி 43.5, ஒலிம்பஸ் ஓஎம் 46. மிர்ரர்லெஸ் (உள்ளே அந்தக் கண்ணாடியே இல்லாத கேமரா) வந்தபோது, கண்ணாடி எழுந்து விழ இடம் விட வேண்டிய தேவை போய்விட்டது. அதனால் சோனி ஈ 18 மி.மீ., ஃபூஜி எக்ஸ் 17.7, கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் வெறும் 16.

இப்போது கழித்தல் கணக்கு போடுங்கள். லென்ஸின் தூரத்திலிருந்து கேமராவின் தூரத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் வருவதுதான் நடுவில் வைக்க வேண்டிய வளையத்தின் தடிமன். எம்42 லென்ஸ் சோனிக்குப் போக 45.46-ல் 18 போனால் 27.46 மி.மீ. தாராளமான இடம். உலோகக் குழாய் போல ஓர் அடாப்டர் (இரண்டு மவுன்ட்டுகளை இணைக்கும் இடைவளையம்) செய்துவிடலாம். அதே லென்ஸ் கேனான் ஈஎஃப்-க்குப் போக 1.46 மி.மீ.தான் கிடைக்கும். மெல்லிய வளையம், ஆனாலும் முடியும்.

நிக்கான் டிஎஸ்எல்ஆரில்? 45.46-ல் 46.5 போகாது. 1.04 மி.மீ. குறைகிறது. வளையமே இல்லாமல் லென்ஸை ஒட்டி வைத்தாலும், அது இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னால்தான் நிற்கும்.

ஒரு மில்லிமீட்டர்தானே, அதில் என்ன ஆகிவிடும்? இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. லென்ஸின் குவிய நீளத்தை (லென்ஸில் 50 மி.மீ., 58 மி.மீ. என்று பொறித்திருக்கும் எண்) அதே எண்ணால் பெருக்கி, எத்தனை மி.மீ. தள்ளி நிற்கிறதோ அதனால் வகுத்தால், ஃபோகஸ் எட்டும் கடைசித் தூரம் கிடைக்கும். ஜெனிட்டோடு அதிகம் வந்தது ஹீலியோஸ் 44-2 என்ற 58 மி.மீ. லென்ஸ். 58-ஐ 58-ஆல் பெருக்கினால் 3364. அதை 1.04-ஆல் வகுத்தால் 3235 மி.மீ., அதாவது மூன்றேகால் மீட்டர். வளையத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அது 1.65 மீட்டராகச் சுருங்கிவிடும்.

அதற்கு என்ன அர்த்தம்? எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெளிவாக வரும். அவருக்குப் பின்னால் ஜன்னல் வழியே தெரியும் மெட்ரோ ரயிலை எப்படித் திருகினாலும் கூர்மையாக எடுக்க முடியாது. இன்ஃபினிட்டி (கண்ணுக்கெட்டிய தூரம் வரையான ஃபோகஸ்) போய்விட்டது என்று ஃபோட்டோகிராபர்கள் சொல்வது இதைத்தான். பூவையும் பூச்சியையும் மட்டும் எடுப்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கோல்கொண்டா கோட்டையை எடுக்க நினைப்பவருக்கு அந்தச் சேர்க்கையால் பயன் இல்லை.

கடைக்காரர் ‘இதில் கண்ணாடி இருக்கிறது சார், இன்ஃபினிட்டி வரும்’ என்கிறாரே? உண்மைதான். அந்த அடாப்டரின் நடுவில் ஒரு சின்னத் திருத்தக் கண்ணாடி இருக்கும். அது குவியும் இடத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். ஆனால் விலை குறைந்த அடாப்டர்களில் உள்ள அந்தக் கண்ணாடி, பெரிய லென்ஸ் கஷ்டப்பட்டுச் சேர்த்த கூர்மையைக் கரைத்துவிடும். அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துவாரம்) முழுதாகத் திறந்து வைத்தால், படத்தின் மேல் மெல்லிய பால் ஊற்றியது போல இருக்கும். நான் வாங்கச் சொல்லமாட்டேன். நிக்கான் டிஎஸ்எல்ஆர் மட்டுமே இருந்தால், கண்ணாடி இல்லாத வளையத்தைப் போட்டுக் கிட்டத்துப் படங்களுக்கு மட்டும் அந்த லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு தெரிந்தால், கம்பெனிகள் எடுத்த முடிவுகளின் நியாயமும் அநியாயமும் புரியும். பென்டாக்ஸ் 1975-ல் திருகு மரையை விட்டுத் தன் கே பயோனெட்டுக்கு மாறியபோது, தூரத்தை மட்டும் அதே 45.46 மி.மீ.யாக வைத்துக்கொண்டது. பழைய திருகு லென்ஸ் வைத்திருந்தவர்கள் ஒரு சின்ன வளையம் போட்டுப் புதிய பாடியிலும் தொடர்ந்தார்கள். வாடிக்கையாளரை மதித்துச் செய்த காரியம் அது. கேனான் 1987-ல் எஃப்டி-யிலிருந்து ஈஎஃப்-க்கு மாறியபோது தூரம் 42-லிருந்து 44 ஆனது. எஃப்டி லென்ஸ்கள் வைத்திருந்தவர்களுக்குக் கழித்தல் கணக்கில் மைனஸ் 2 மிஞ்சியது. அருமையான லென்ஸ்கள் பல வருடம் அலமாரியில் கிடந்தன. மிர்ரர்லெஸ் வந்த பிறகு அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது. எஃப்டி லென்ஸுக்கும் சோனிக்கும் நடுவில் 24 மி.மீ. இடம் இருக்கிறதே!

அப்படியானால் மிர்ரர்லெஸ் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டலாமா? முடியாது. கணக்கு எப்போதும் மைனஸில்தான் வரும். நண்பரின் சோனி ஈ லென்ஸை உங்கள் கேனான் ஆர்எஃப் பாடியில்? 18-ல் 20 போகாது, அதுவும் முடியாது. அதே சோனி லென்ஸ் நிக்கான் இசட்-க்குப் போகும். இரண்டே மில்லிமீட்டர் கிடைக்கிறது. அதற்குள் மின்தொடர்புகளையும் அடக்கி அடாப்டர் செய்து விற்கிறார்கள்.

இனி நீங்கள் நிச்சயம் கேட்கப்போகும் கேள்வி: ஆட்டோஃபோகஸ் வருமா? பழைய லென்ஸ் கையால் திருகும் வகை என்றால் சாதாரண அடாப்டரில் வராது. அதற்குள் மோட்டார் இல்லை. புதிய லென்ஸ் என்றால் அடாப்டரைப் பொறுத்தது.

கேனான் ஈஎஃப் லென்ஸில் அப்பர்ச்சரே மின்சாரத்தால்தான் நகரும். அதை வெறும் உலோக வளையம் வழியாகச் சோனியில் மாட்டினால் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்தபடியே நிற்கும். மாற்ற முடியாது. எஸ்டிஎம் வகை லென்ஸ்களில் ஃபோகஸ் வளையமும் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும், ஆகவே கையால் திருகினாலும் ஒன்றும் நடக்காது. இவற்றுக்கு மின்தொடர்பும் சின்ன சில்லும் உள்ள அடாப்டர்தான் வேண்டும். சிக்மா 2016-ல் கொண்டுவந்த எம்சி-11 அந்த வகை.

நிக்கானில் வேறொரு பொறி இருக்கிறது. நம் ஊரில் எத்தனையோ பேர் வைத்திருக்கும் 50 மி.மீ. 1.8 டி லென்ஸில் மோட்டார் கிடையாது. பாடியிலுள்ள மோட்டார்தான் அதைத் திருப்பும். நிக்கானே விற்கும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. எனவே இசட் கேமராவுக்குப் போனதும் அந்த லென்ஸில் ஆட்டோஃபோகஸ் நின்றுவிடும். பாடியை மாற்றும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிக்கானின் ஜி வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே இருக்காது. அதை வேறு கம்பெனிக் கேமராவில் போடும்போது, அடாப்டரிலேயே ஒரு வளையம் இருந்தால்தான் துவாரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும்.

கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின் அடாப்டர் நன்றாக இருந்தாலும், அதே கம்பெனி லென்ஸின் வேகமும் நம்பகமும் எப்போதும் கிடைக்காது. இடையிடையே தொடர்பு அறுந்து கேமரா ஒரு நொடி திகைக்கும். தாலி கட்டும் நேரத்தில் அந்த ஒரு நொடியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அடாப்டர் போட்ட லென்ஸை வரவேற்பு, அலங்காரம், தனிப்படங்களுக்கு வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்குச் சொந்த மவுன்ட் லென்ஸையே பூட்டுங்கள்.

அடாப்டர் எங்கே வாங்குவது? குகட்பள்ளியிலிருந்து சிவப்பு வழித்தட மெட்ரோவில் ஏறினால், மாறாமலேயே உஸ்மானியா மெடிக்கல் காலேஜ் நிலையத்தில் இறங்கலாம். கோட்டி கடைவீதி பக்கம்தான். அங்குள்ள கேமராக் கடைகளுக்குக் கட்டாயம் லென்ஸையும் பாடியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் பெயர் பொருந்தும் வேறு ஒன்றைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஆன்லைனில் வாங்கினால் ‘எதிலிருந்து எதற்கு’ என்ற வரிசையை இரண்டு முறை படியுங்கள். முதலில் எழுதுவது லென்ஸின் மவுன்ட், அடுத்தது கேமராவின் மவுன்ட்.

பெயர் விஷயத்தில் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. டி2 என்று ஒரு மரை உண்டு. டெலஸ்கோப்பிலும் சில நீள லென்ஸ்களிலும் இருக்கும். அதற்கும் விட்டம் 42 மி.மீ.தான். ஆனால் மரையின் இடைவெளி 0.75 மி.மீ. எம்42-க்கு அது 1 மி.மீ. ஒன்றை இன்னொன்றில் திருகினால் முதல் சுற்று ஏறும், அடுத்ததில் இறுகும். அங்கே பலம் காட்டினால் இரண்டு மரையும் போய்விடும். தூரமும் வேறு: டி2-க்கு 55 மி.மீ. பாதியில் இறுகினால் உடனே நிறுத்திக் கழற்றிவிடுங்கள்.

பழைய டாம்ரான் லென்ஸ் கிடைத்தால் பின்புறத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘அடாப்டால்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு யோகம். 1970களிலேயே அந்தக் கம்பெனி, கழற்றி மாட்டும் மவுன்ட்டோடு லென்ஸ் செய்தது. பின்துண்டை மட்டும் மாற்றினால் போதும், லென்ஸ் வேறு கம்பெனிக் கேமராவுக்குத் தயார்.

வாங்கி வந்துவிட்டீர்கள். மாட்டியதும் கேமரா ‘லென்ஸ் இல்லை’ என்று சொல்லி ஷட்டர் அடிக்க மறுக்கலாம். பயப்பட வேண்டாம். மின்தொடர்பு இல்லாததால் கேமராவுக்கு லென்ஸ் இருப்பது தெரியவில்லை. மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ அல்லது ‘ஷூட் வித்தவுட் லென்ஸ்’ என்ற வரியைத் தேடி இயக்குங்கள். சோனி, கேனான், ஃபூஜி எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

அடுத்து, பாடிக்குள் நடுக்கம் தாங்கும் வசதி இருந்தால், அங்கே குவிய நீளத்தைக் கையால் பதியுங்கள். ஹீலியோஸ் என்றால் 58. இதை விட்டுவிட்டால் கேமரா தவறான அளவுக்குச் சென்சாரை ஆட்டி, தெளிவாக வர வேண்டிய படத்தையும் கலங்கடித்துவிடும். சென்சார் சின்னதாக இருந்தாலும் 58 என்றே பதிய வேண்டும். ஏபிஎஸ்-சி (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் அந்த லென்ஸ் ஏறக்குறைய 87 மி.மீ. லென்ஸ் போலக் கிட்டத்தில் காட்டும். அதற்குக் காரணம் சென்சார் விளிம்பைக் கத்தரிப்பதுதான். கண்ணாடி இல்லாத அடாப்டர் குவிய நீளத்தை மாற்றுவதில்லை.

ஃபோகஸ் எப்படிப் பார்ப்பது? மிர்ரர்லெஸ்ஸில் ஃபோகஸ் பீக்கிங் (கூர்மையான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் வசதி) இருக்கிறது. அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, கண் இமையின் மேல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்பர்ச்சரைச் சொந்தக் கையால் லென்ஸில் திருப்ப வேண்டும். கேமராவை ஏ முறையில் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

டிஎஸ்எல்ஆரில் மாட்டுபவர்கள் இரண்டு ஆபத்துகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில பழைய லென்ஸ்களின் பின்கண்ணாடி உள்ளே நீண்டிருக்கும். இன்ஃபினிட்டி பக்கம் திருகும்போது அது இன்னும் பின்னால் வந்து, எழும் கண்ணாடியில் இடிக்கும். முதல் தடவை லைவ் வியூவில் (கண்ணாடி தூக்கியபடி திரையில் பார்க்கும் முறை) வைத்து மெல்லத் திருகிப் பாருங்கள். ரஷ்ய ஜூபிடர்-12 போன்ற லென்ஸ்களில் பின்பகுதி மிக ஆழமாக நீண்டிருக்கும், மிர்ரர்லெஸ்ஸிலேயேகூட எல்லாப் பாடியிலும் போகாது. இரண்டாவது, 1977-க்கு முந்தைய மாற்றப்படாத நிக்கான் லென்ஸ்கள். அவற்றின் அப்பர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு, பின்னால் வந்த பல நிக்கான் பாடிகளின் ஓரத்திலுள்ள சின்ன நாக்கை நசுக்கிவிடும். நிக்கான் லென்ஸ் நிக்கானில் போகும் என்ற நம்பிக்கையில் அழுத்தித் திருப்பாதீர்கள்.

இனி நீங்கள் முதலிலேயே நினைத்த விஷயத்துக்கு வருவோம். அடாப்டரே வேண்டாம், லென்ஸின் மவுன்ட்டையே கழற்றி வேறு மவுன்ட் போட்டுவிட முடியாதா? முடியும். சில நேரம் அதுதான் ஒரே வழி. லைகா ஆர் லென்ஸின் தூரம் 47 மி.மீ., நிக்கான் எஃப் 46.5. நடுவில் அரை மில்லிமீட்டர்தான். அந்தத் தடிமனில் பூட்டும் வளையம் செய்ய முடியாது. பழைய மவுன்ட்டைத் திருகாணி கழற்றி எடுத்துவிட்டு, அதே இடத்தில் நிக்கான் மவுன்ட்டை வைக்க வேண்டும். ஸ்பெயினில் லைடாக்ஸ் என்ற நிறுவனம் இப்படிப்பட்ட மாற்று மவுன்ட்டுகளைச் செய்து விற்கிறது. லென்ஸில் எதையும் அறுக்காமல், பழைய திருகாணித் துளைகளிலேயே அவை பொருந்தும்படி இருக்கும். பழைய மவுன்ட்டை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். நான் ஏற்றுக்கொள்ளும் மாற்றம் இதுதான்.

சிக்மா லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2013 முதல் அந்தக் கம்பெனியே, தன் ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வகை லென்ஸ்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேறு மவுன்ட்டுக்கு மாற்றித் தருகிறது. எந்த மாடல் எந்த மவுன்ட்டுக்கு மாறும் என்பதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

உள்ளூரில் செய்ய முடியுமா? குகட்பள்ளியில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மெட்ரோவில் அடுத்த நிலையமே பாலாநகர். 1968-ல் தொடங்கிய மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும், பிரசாந்தி நகர் தொழிற்பேட்டை வரை, லேத் பட்டறைகள் வரிசையாக நிற்கும். விமானப் பாகங்களுக்கும் அச்சுக்கும் நுணுக்கமாகக் கடைந்து பழகிய கைகள் அந்தப் பகுதியில் உண்டு. ஒரு வளையம் கடைவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அது எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எவ்வளவு துல்லியம்? அதே பெருக்கல் கணக்கைப் போடுங்கள். 24 மி.மீ. லென்ஸில் வளையம் 0.1 மி.மீ. கூடுதலாகிவிட்டால், ஃபோகஸ் 5.8 மீட்டரோடு நின்றுவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அதே பிழை 200 மி.மீ. லென்ஸில் 400 மீட்டர் வரை விடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆக, அகலமாகக் காட்டும் லென்ஸுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். கூடுதலாகப் போனால் இன்ஃபினிட்டி போய்விடும், குறைவாகப் போனால் போகாது. குறைந்தால் லென்ஸில் பொறித்த மீட்டர் எண்கள் மட்டும் கொஞ்சம் பொய் சொல்லும். அதனால் பட்டறைக்காரரிடம் கணக்கில் வருவதைவிட 0.03 மி.மீ. குறைத்துக் கடையச் சொல்லுங்கள். குறைந்ததை ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்துச் சரிசெய்யலாம். கூடியதை மறுபடி கடையத்தான் வேண்டும்.

இரண்டு முகமும் இணையாக இருக்கிறதா என்று வளையத்தைச் சுற்றி நான்கு இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். குற்றம் லென்ஸில் இருப்பதாக நினைத்து ஏமாறுவீர்கள். உள்சுவர் பளபளப்பாக விடப்பட்டால் வெளிச்சம் தெறித்துப் படம் வெளுக்கும். பளபளப்பில்லாத கருப்பு பூச வேண்டும். முக்கியமாக, வளையத்தைத் தனியாகக் கடைந்து முடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகே லென்ஸ் அருகே கொண்டுவாருங்கள். லென்ஸைப் பட்டறைக்குள் எடுத்துப் போகவே வேண்டாம். ஓர் இரும்புத் துகள் உள்ளே போனால் அது ஒருநாள் சென்சாருக்கு வந்து சேரும்.

லென்ஸின் மவுன்ட் திருகாணிகளை வீட்டிலேயே கழற்றலாமா? கழற்றலாம், ஆனால் எந்த ஸ்க்ரூடிரைவரால் என்பது முக்கியம். என் முதல் லென்ஸில் வீட்டிலிருந்த சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டு இரண்டு திருகாணித் தலைகளை வழுக்கிவிட்டேன். அவற்றை எடுக்கத் துளை போட வேண்டியதாயிற்று. ஜப்பானிய லென்ஸ்களின் திருகாணிக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரத்தில் வெட்டிய குறுக்குவெட்டு) முனை வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், வெட்டு வேறு. கழற்றும்போது மவுன்ட்டுக்கு அடியில் காகிதம் போன்ற தகடுகள் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் அந்த லென்ஸுக்கென்றே அளந்து வைத்த ஷிம் அவை. எந்தத் திருகாணி எங்கிருந்தது என்று ஒவ்வோர் அடியிலும் ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

த்ரீடி பிரின்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக் அடாப்டர் போதாதா என்று கேட்கிறார்கள். முயன்று பார்ப்பதற்குப் போதும். ஆனால் பிஎல்ஏ (அச்சிட அதிகம் பயன்படும் பிளாஸ்டிக்) ஏறக்குறைய 60 டிகிரியில் இளகத் தொடங்கும். ஹைதராபாத்தில் மே மாதம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுப்போனால் வளையம் வளைந்துவிடும். கனமான லென்ஸை அதில் தொங்கவிடாதீர்கள். உலோக அடாப்டரிலேயே கூட, கனமான லென்ஸ் என்றால் கேமராவைப் பிடிக்காமல் லென்ஸைத் தாங்கிப் பிடியுங்கள்.

லென்ஸை விட்டுவிட்டுக் கேமராவை அறுத்தவர்களும் உண்டா? உண்டு. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளிவந்த ‘பேரி லின்டன்’ படத்தின் மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகளுக்கு, நாசாவுக்காகச் செய்யப்பட்ட 50 மி.மீ. எஃப்/0.7 ஸைஸ் கம்பெனி லென்ஸை வாங்கினார். அதன் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு அவ்வளவு நெருக்கமாக வர வேண்டியிருந்ததால், மிட்செல் சினிமாக் கேமராவின் உள்பகுதியைக் குடைந்து இடம் செய்தார்கள். அதன்பின் அந்தக் கேமராவில் வேறு லென்ஸ் போட முடியவில்லை. உலகத்தில் பத்தே லென்ஸ் செய்யப்பட்ட இடத்தில் அது நியாயம். வீட்டிலுள்ள ஒரே கேமராவுக்கு அந்த வழி வேண்டாம்.

மாட்டி முடித்ததும் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இரவு மாடிக்குப் போங்கள். குகட்பள்ளியின் கேபிஎச்பி காலனி மாடியிலிருந்து ஹைடெக் சிட்டிக் கட்டடங்களின் விளக்குகள் சில கிலோமீட்டர் தூரத்தில் தெரியும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, ஒரு விளக்கை ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் வளையம் கடைசி முனையில் முட்டும் முன்பே விளக்கு புள்ளியாகிவிட்டால் அடாப்டர் சரி. முட்டிய பிறகும் வட்டமாகவே இருந்தால் அது தடிமன் கூடியது. அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய லென்ஸையே பார்த்து வாங்குவதாக இருந்தால், பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது ஃபங்கஸ் (கண்ணாடியில் பிடிக்கும் பூஞ்சை). சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் இது அதிகம். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மின்னினால் அவை ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். இரண்டும் இருந்தால் அடாப்டருக்குச் செலவழிப்பது வீண்.

அப்பாவின் லென்ஸில் இவை எதுவும் இல்லையென்றால், முதலில் ஒரு கண்ணாடியில்லாத அடாப்டரை வாங்கி ஒரு மாதம் படமெடுங்கள். ஹீலியோஸ் என்றால் அப்பர்ச்சரைத் திறந்து, மரத்தடியில் யாரையாவது நிறுத்தி எடுங்கள். பின்னால் உள்ள இலைகளின் வெளிச்சப் பொட்டுகள் முகத்தைச் சுற்றிச் சுழல்வது போல வரும். மவுன்ட்டை மாற்றுவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு யோசியுங்கள். அதுவரை லென்ஸின் மேல் அரமோ துளைக்கருவியோ படவேண்டாம். ஜெனிட் பாடியையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த லென்ஸுக்கு அளந்து செய்த 45.46 மி.மீ. இன்றும் அதற்குள் அப்படியே இருக்கிறது.